மருந்தின் அளவும் மக்கள்தொகைக் கணிதமும்

ஒரு மருந்து குறிப்பிட்ட நோயைத் தீர்க்க வல்லது என்று கண்டறிவதுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அம்மருந்தை எவருக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அளவு குறைந்தால் நோய்க்கிருமிகள் முற்றும் சாவதில்லை. எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்த்து வாழும் ஆற்றலைப் பெறவும் கூடும். அளவு மிகுந்தால் கல்லீரல், நரம்பு, கண் முதலிய உறுப்புகளுக்குத் தீங்கு நேரலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதை சில மருந்துகளுக்கு அகன்றது. சிலவற்றுக்கு மிகக் குறுகியது.

பெரியவர்களுக்குரிய அளவை எடைக்குத் தக்கபடி வகுத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் போதும் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. காசநோய் மருந்துகளிலும் இதுவே வழக்கம். எடையில் கிலோ ஒன்றுக்கு 5 மி.கி. ஐசோநியாசிட் என்பது பெரியவருக்கும் குழந்தைக்கும் பொதுவான விதியாக இருந்தது. 2010-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இவ்விதியை மாற்றியது. குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுக்கவேண்டிய அளவு, கிலோ ஒன்றுக்கு ஐசோநியாசிட் 10 மி.கி., ரிபாம்பிசின் 15 மி.கி., பிரசினமைடு 35 மி.கி. என உயர்த்தப்பட்டது; எத்தாம்பூட்டால் 20 மி.கி. ஆக அமைந்தது. அதற்கு முன் ஐசோநியாசிட், ரிபாம்பிசின், பிரசினமைடு ஆகியவை முறையே 5, 10, 25 மி.கி. ஆக இருந்தன.

குழந்தையின் உடல் சிறியது. ஆயினும் கிலோ ஒன்றுக்கு அதற்கு வேண்டிய மருந்து பெரியவருக்கு வேண்டியதைவிட மிகுதி. இது எதனால் என்பதையும், இத்தகைய உண்மைகளைக் கணிதத்தின் துணையால் ஆராய்ச்சியாளர் அளந்தறியும் விதத்தையும், அம்முயற்சியில் கள ஊழியரின் பதிவேட்டுக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உடலில் மருந்து குறையும் விதம்

மருந்து உடலுக்குள் சென்று வெளியேறும் வரலாற்றைக் கணிதச் சமன்பாடுகளால் முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் டோர்ஸ்டன் டியோரெல் தலையாயவர். அவருடைய ஆய்வுகள் 1937-இல் வெளிவந்தன. உடலை ஒன்றோடொன்று இணைந்த சில நீர்த்தொட்டிகளாகக் கற்பனை செய்துகொண்டால், மருந்தின் போக்கைப் பெருமளவுக்குக் கணக்கிட்டுவிடலாம் என்று அவர் காட்டினார்.

இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். ஒரு பாத்திரத்தில் 1 லிட்டர் நீரை ஊற்றி, அதில் சிறிது நீல மையைக் கலக்க வேண்டும். பின்னர் அதிலிருந்து 100 மில்லி லிட்டர் நீரை முகந்து கொட்டிவிட்டு, அதே அளவு தூய நீரை ஊற்றிக் கலக்க வேண்டும். இவ்வாறு ஒருமுறை செய்தபின் எஞ்சும் மை 100-இல் 90 பங்கு. இரண்டாம் முறைக்குப் பின் 81 பங்கு. மூன்றாம் முறைக்குப் பின் 72.9 பங்கு. ஒவ்வொரு முறையும் வெளியேறும் மையின் அளவு சமமன்று. எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கே வெளியேறுகிறது. ஆறாம் முறைக்கும் ஏழாம் முறைக்கும் இடையில் மை சரிபாதியாகிறது.

இச்சோதனையில் பாத்திரத்தின் கொள்ளளவு, மருந்து உடலில் பரவி நிற்கும் கொள்ளளவுக்கு ஒப்பாகும். ஒவ்வொரு முறையும் தூய்மையாக்கப்படும் 100 மில்லி லிட்டர், கல்லீரலும் சிறுநீரகமும் குறித்த நேரத்தில் மருந்தினின்று விடுவிக்கும் இரத்தத்தின் அளவுக்கு ஒப்பாகும். இதனை நீக்கத்திறன் எனலாம். மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம் அரை ஆயுள் எனப்படும். கொடுத்த மருந்தின் அளவை நீக்கத்திறனால் வகுத்தால் கிடைக்கும் எண், கிருமி எவ்வளவு நேரம் எவ்வளவு மருந்துக்கு இலக்காகிறது என்பதைக் குறிக்கும் மொத்தத் தாக்கமாகும். நீக்கத்திறன் இரு மடங்கானால், அதே மாத்திரையின் மொத்தத் தாக்கம் பாதியாகிவிடும்.

சிறிய உடலின் விரைவு

விலங்குகளின் உடல் எடைக்கும் அவை செலவிடும் சக்திக்கும் உள்ள தொடர்பை மாக்ஸ் கிளைபர் 1932-இல் ஆராய்ந்து வெளியிட்டார். எடை இரு மடங்கானால் சக்திச் செலவு இரு மடங்காவதில்லை. எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பவே அது உயர்கிறது என்பது அவருடைய முடிவு. முக்கால் அடுக்கு என்பதைக் கணக்கிடுவது எளிது. எண்ணின் முப்படியைக் கண்டு, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, வந்த விடைக்கு மீண்டும் ஒருமுறை வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 16-இன் முப்படி 4096. அதன் வர்க்கமூலம் 64. அதன் வர்க்கமூலம் 8. ஆகவே எடை 16 மடங்கானாலும் சக்திச் செலவு 8 மடங்கே ஆகும்.

மருந்தின் நீக்கத்திறனும் ஏறத்தாழ இவ்விதியைப் பின்பற்றுவதாகக் கொண்டு கணக்கிடுவது இன்று பரவலான வழக்கம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 300 மி.கி. மருந்து ஏற்றது என்று வைத்துக்கொண்டால், பிறருக்கு வேண்டிய அளவு இரு முறைகளிலும் பின்வருமாறு அமையும்.

40 கிலோ: எடை விகிதப்படி 171 மி.கி.; முக்கால் அடுக்கு விதிப்படி 197 மி.கி.
20 கிலோ: எடை விகிதப்படி 86 மி.கி.; முக்கால் அடுக்கு விதிப்படி 117 மி.கி.
10 கிலோ: எடை விகிதப்படி 43 மி.கி.; முக்கால் அடுக்கு விதிப்படி 70 மி.கி.

எடை விகிதத்தை மட்டும் நம்பினால் 10 கிலோ குழந்தைக்கு வேண்டிய மருந்தில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துபோவதை இக்கணக்கு காட்டுகிறது. குழந்தைக்கு மாத்திரை தவறாமல் கொடுக்கப்படுகிறது, பதிவேட்டில் குறையேதுமில்லை, ஆயினும் நோய் முற்றும் தீர்வதில்லை. இத்தகைய பிழை எவர் கண்ணுக்கும் எளிதில் தென்படாது.

இவ்விதிக்கும் ஓர் எல்லை உண்டு. பிறந்த குழந்தையின் கல்லீரலில் மருந்தை மாற்றும் நொதிகளும், சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றலும் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. முதல் ஈராண்டுகளில் அவை படிப்படியாக முதிர்கின்றன. ஆகவே கைக்குழந்தைகளுக்கு முக்கால் அடுக்கு விதியை மட்டும் கொண்டு கணக்கிட்டால் மருந்து மிகையாகிவிடக்கூடும். எடையுடன் வயதையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறை.

சென்னையில் தெரிந்த வேறுபாடு

ஒரே எடையும் ஒரே வயதும் உள்ள இருவரிடத்திலும் மருந்து ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதற்கு இந்தியாவிலேயே சிறந்த சான்று உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் ஒத்துழைத்தன. அதுவே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளிகள், மருத்துவ விடுதியில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர் என்னும் அதன் புகழ்பெற்ற முடிவு 1959-இல் வெளிவந்தது.

ஐசோநியாசிட் மருந்தைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி, அசெட்டைல் தொகுதியை ஏற்றிச் செயலிழக்கச் செய்கிறது. இந்நொதியின் வேகம் பிறவியிலேயே அமைவது, குடும்பவழி வருவது. இது 1960-இல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. சிலரிடம் நொதி விரைவாகவும் சிலரிடம் மெதுவாகவும் வேலை செய்கிறது. தென்னிந்திய நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் அறுவர் மெதுவாக மாற்றும் வகையினர் எனச் சென்னை ஆய்வுகள் காட்டின.

மெதுவாக மாற்றுவோரிடம் மருந்தின் அரை ஆயுள் சுமார் 3 மணி என்றும், விரைவாக மாற்றுவோரிடம் சுமார் ஒன்றரை மணி என்றும் கொள்ளலாம். 12 மணி நேரத்தில் முன்னவரிடம் மருந்து நான்கு முறை பாதியாகிப் பதினாறில் ஒரு பங்கு எஞ்சும். பின்னவரிடம் எட்டு முறை பாதியாகி 256-இல் ஒரு பங்கே எஞ்சும். நாள்தோறும் மருந்துண்ணும்போது இவ்வேறுபாடு சிகிச்சையின் பலனைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினுடன் ஐசோநியாசிட்டை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, விரைவாக மாற்றுவோர் பின்தங்கினர். வாரத்துக்கு இரு முறை கொடுத்தபோது இரு வகையினரும் நன்கு தேறினர். மறுபுறம், மிகுந்த அளவில் ஐசோநியாசிட் உண்டவர்களுள் மெதுவாக மாற்றுவோரிடையே நரம்புத் தளர்ச்சி மிகுதியாகக் காணப்பட்டது. அதனை பைரிடாக்சின் என்னும் வைட்டமின் பி6 தடுத்தது.

இதனால் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. மூன்று மணியையும் ஒன்றரை மணியையும் கூட்டிச் சராசரி கண்டால் இரண்டேகால் மணி வரும். ஆனால் இரண்டேகால் மணி அரை ஆயுளுடைய உடல் இவ்விரு வகையினரில் எவருக்கும் இல்லை. சராசரி மனிதனுக்கென வகுத்த அளவு, உண்மையான மனிதர்கள் இருவருக்குமே பொருந்தாமற் போகலாம். ஆகவே அளவை வகுப்போர் சராசரியை மட்டுமன்றி, மக்களிடையேயுள்ள வேறுபாட்டையும் அளந்தாக வேண்டும்.

பலர் தரும் சிறு சான்றுகள்

வேறுபாட்டை அளக்கும் பழைய முறை இதுதான்: ஒவ்வொருவரிடமும் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை இரத்தம் எடுத்து, தனித்தனியே நீக்கத்திறனைக் கண்டு, பின்னர் அவற்றைத் தொகுப்பது. நலமுள்ள இளைஞர் சிலரிடம் இது இயலும். மெலிந்த குழந்தையிடமோ, கருவுற்ற பெண்ணிடமோ, நோய் முற்றிய முதியவரிடமோ இது இயலாது. மருந்து யாருக்கு மிகவும் வேண்டுமோ அவர்களைப் பற்றிய அறிவே மிகவும் குறைவாக இருந்தது.

இத்தடையை நீக்கும் வழியை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோப் பிரிவைச் சேர்ந்த லூயிஸ் ஷைனர், ஸ்டூவர்ட் பீல் ஆகியோர் வகுத்தனர். தனிச் சோதனைகள் இல்லாமல், வழக்கமான சிகிச்சையின்போது கிடைக்கும் சிதறிய அளவீடுகளிலிருந்தே மக்கள்தொகையின் இயல்பைக் கணிக்கலாம் என்று ஷைனரும் உடனுழைத்தோரும் 1977-இல் எழுதினர். இதற்கெனக் கணிப்பொறி நிரல் ஒன்றும் பின்னர் உருவாயிற்று. இது நான்மெம் எனப்படும்.

இம்முறையில் ஒருவரிடம் இரண்டு மூன்று முறை இரத்தம் எடுத்தாலே போதும். ஒருவரிடம் மருந்துண்ட ஒரு மணிக்குப் பின்னும், மற்றொருவரிடம் மூன்று மணிக்குப் பின்னும், வேறொருவரிடம் எட்டு மணிக்குப் பின்னும் எடுக்கலாம். தனித்தனியே பார்த்தால் இவற்றால் ஒரு வளைகோட்டையும் வரைய முடியாது. நூற்றுக்கணக்கானோரின் அளவீடுகளை ஒருங்கே வைத்து ஆராயும்போது முழு வடிவம் புலப்படுகிறது.

கணித மாதிரி மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதல் அடுக்கு, அம்மக்கட்கூட்டத்துக்குரிய பொதுவான நீக்கத்திறனும் கொள்ளளவும். இரண்டாம் அடுக்கு, காரணம் தெரிந்த வேறுபாடுகள்: எடை, வயது, ஊட்ட நிலை, சிறுநீரகத்தின் நிலை, நொதியின் வகை, உடன் உண்ணும் பிற மருந்துகள். மூன்றாம் அடுக்கு, காரணம் தெரியாமல் எஞ்சும் வேறுபாடு. அதையும் மறைக்காமல் ஓர் எண்ணாக மதிப்பிடுவதே இம்முறையின் சிறப்பு. எஞ்சிய வேறுபாடு பெரிதாக இருப்பின், இன்னும் கண்டறியப்படாத காரணம் ஒன்று உண்டு என்பது அதன் பொருள். சென்னைக் காசநோய் நிலையத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குழந்தைகளின் இரத்தத்தில் காசநோய் மருந்துகளின் அளவை வயது, ஊட்ட நிலை, ஐசோநியாசிட்டை மாற்றும் வேகம் ஆகிய மூன்றும் பாதிப்பதாகக் கண்டனர். இத்தகைய காரணங்களே இரண்டாம் அடுக்கில் இடம்பெறுகின்றன.

கணிப்பொறியில் ஒத்திகை

மாதிரி அமைந்தபின், அதனைக் கொண்டு கணிப்பொறியில் ஆயிரம் கற்பனைக் குழந்தைகளைப் படைக்கலாம். உண்மையான மக்களிடையே எடையும் வயதும் நொதியின் வகையும் எவ்வாறு பரவியுள்ளனவோ, அவ்வாறே இக்குழந்தைகளிடமும் பரவியிருக்கும். இவர்களுக்கு ஓர் அளவைக் கொடுத்ததாகக் கணக்கிட்டு, எத்தனை பேருக்கு மருந்து குறைகிறது, எத்தனை பேருக்கு மிகுகிறது என்று எண்ணலாம். பின்னர் வேறோர் அளவைச் சோதிக்கலாம். உயிருள்ள குழந்தை எதையும் துன்புறுத்தாமல் பல திட்டங்களை ஒத்திகை பார்த்து, அவற்றுள் சிறந்த சிலவற்றை மட்டும் உண்மையான சிகிச்சைச் சோதனைக்குக் கொண்டுசெல்ல இது உதவுகிறது.

களத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் மி.கி. கணக்கில் மருந்தை நிறுத்துக் கொடுப்பது இயலாது. ஆகவே எடைப் பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. ஐசோநியாசிட் 50, ரிபாம்பிசின் 75, பிரசினமைடு 150 மி.கி. அடங்கிய, நீரில் கரையும் குழந்தை மாத்திரை 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாயிற்று. அதற்குரிய பிரிவுகள்: 4 முதல் 7 கிலோ வரை ஒரு மாத்திரை, 8 முதல் 11 வரை இரண்டு, 12 முதல் 15 வரை மூன்று, 16 முதல் 24 வரை நான்கு. ஐசோநியாசிட்டுக்குக் கிலோ ஒன்றுக்கு 7 முதல் 15 மி.கி. வரையும், ரிபாம்பிசினுக்கு 10 முதல் 20 மி.கி. வரையும் ஏற்ற எல்லைகளாகக் கொள்ளப்பட்டன.

7 கிலோ குழந்தை ஒரு மாத்திரை உண்டால் ஐசோநியாசிட் கிலோவுக்கு 7.1 மி.கி. கிடைக்கிறது; எல்லைக்குள் மயிரிழையில் நிற்கிறது. 8 கிலோ குழந்தை இரண்டு மாத்திரை உண்டால் 12.5 மி.கி. கிடைக்கிறது. ஆனால் 8 கிலோ குழந்தையை 7 கிலோ என்று தவறாக நிறுத்து ஒரு மாத்திரையே கொடுத்தால், ஐசோநியாசிட் 6.25 மி.கி. ஆகவும், ரிபாம்பிசின் 9.4 மி.கி. ஆகவும் குறைந்து இரண்டும் எல்லைக்குக் கீழே போய்விடுகின்றன. தராசின் ஒரு கிலோப் பிழை, நுட்பமான கணிதத்தால் கிடைத்த பயனை முற்றும் அழித்துவிடுகிறது.

மலேரியா மருந்துகளிலும் இவ்வரலாறு உண்டு. சல்பாடாக்சின், பைரிமெத்தமின் ஆகியவற்றை வழக்கமான அளவில் உண்ட 2 முதல் 5 வயதுக் குழந்தைகளின் இரத்தத்தில், பெரியவர்களிடம் உள்ளதில் ஏறத்தாழ பாதி மருந்தே இருந்ததாக ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிப்பராகுயின் என்னும் மருந்தின் அளவீடுகள் பல நாடுகளிலிருந்து தொகுக்கப்பட்டு மக்கள்தொகை மாதிரிகளால் ஆராயப்பட்டன. அதன் பயனாக, 2015-ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபன வழிகாட்டி நூலில், 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நாள் ஒன்றுக்குக் கிலோவுக்கு 18 மி.கி. ஆக இருந்த அளவு 24 மி.கி. ஆக உயர்த்தப்பட்டது.

மாதிரியின் எல்லைகள்

கணித மாதிரி, தனக்குத் தரப்பட்ட அளவீடுகளைவிட அறிவுடையதன்று. ஊட்டக் குறைவுள்ள குழந்தைகள் ஆய்வில் இடம்பெறவில்லையாயின், அவர்களைப் பற்றி அது கூறுவது ஊகமே ஆகும். ஒரு நாட்டு மக்களிடம் கண்ட நீக்கத்திறனை வேறொரு நாட்டு மக்களுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. மேலும், இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கும் என்பதையே மாதிரி முதலில் கூறுகிறது. அவ்வளவு மருந்து நோயைத் தீர்க்குமா என்பதை நோயாளிகளின் நலனைக் கண்டே உறுதி செய்ய வேண்டும். மேலே தரப்பட்ட கணக்குகள் உண்மையை விளங்கிக்கொள்வதற்கு மட்டுமே உரியவை. அவற்றைக் கொண்டு ஊழியர் எவரும் மருந்தின் அளவைத் தாமே மாற்றலாகாது. அது மருத்துவரின் பொறுப்பு.

பதிவேட்டின் பங்கு

மாதிரிக்கு அடிப்படையான எண்களுள் பல, ஆய்வுக்கூடத்தில் பிறப்பவை அல்ல. குழந்தையின் எடை, மாத்திரை உண்ட நேரம், தவறிய நாட்கள் ஆகியவற்றை எழுதுபவர் கள ஊழியரே. அவ்வெழுத்தில் நேரும் பிழை எங்குச் சென்று முடிகிறது என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம்.

அரை ஆயுள் 2 மணியாக உள்ள ஒரு மருந்தைக் குழந்தை காலை 6 மணிக்கு உண்டது. பதிவேட்டில் 8 மணி என்று எழுதப்பட்டது. 10 மணிக்கு இரத்தம் எடுக்கப்பட்டது. மருந்து குடலில் உறிஞ்சப்படும் நேரத்தை விட்டுக் கணக்கிட்டால், உண்மையில் கடந்தது 4 மணி. மருந்து இரு முறை பாதியாகிக் காற்பங்கு எஞ்சியுள்ளது. ஆனால் இரண்டே மணியில் காற்பங்காயிற்று என்று கணக்கு கருதும். அரை ஆயுள் 1 மணி என்றும், நீக்கத்திறன் உள்ளதைப்போல் இரு மடங்கு என்றும் முடிவு வரும். இத்தகைய பிழைகள் பல சேர்ந்தால், குழந்தைகளுக்கு வேண்டிய அளவு உண்மையினும் மிகுதியாகக் கணிக்கப்படும். உண்ணாத மாத்திரையை உண்டதாக எழுதினாலும் இதே விளைவுதான்: இரத்தத்தில் மருந்து இல்லாமை, உடல் அதை விரைந்து நீக்கியதன் அடையாளமாகத் தோன்றிவிடும். அந்த ஊழியர் என்றும் கண்டிராத ஊர்களில், அவர் அறியாத குழந்தைகள் அப்பிழையின் பயனை உண்பர்.

ஆகவே சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். நிறுப்பதற்கு முன் தராசின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையைக் காலணியும் கனத்த உடையும் இன்றி நிறுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் மீண்டும் நிறுத்து, எடைப் பிரிவு மாறியிருப்பின் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். மருந்துண்ட நேரத்தைக் கேட்டு உள்ளபடி எழுத வேண்டும். தவறிய நாளைத் தவறியதாகவே குறிக்க வேண்டும். வெற்றிடம் விட்ட கட்டத்தைக் கணிதம் சமாளித்துக்கொள்ளும்; பொய்யாக நிரப்பிய கட்டத்தை அதனால் கண்டுகொள்ள முடியாது.

பயிற்சி வினாக்கள்

1. நீல மைச் சோதனையை 250 மில்லி லிட்டர் பாத்திரத்தில், ஒவ்வொரு முறையும் 35 மில்லி லிட்டர் முகந்து செய்க. முக்கால் அடுக்கு விதிப்படி சிறிய பாத்திரத்துக்குரிய நீக்கம் இதுவே. மூன்று முறைக்குப் பின் எஞ்சும் மை எவ்வளவு? பெரிய பாத்திரத்துடன் ஒப்பிடுக. (விடை: சிறியதில் 100-இல் சுமார் 63.6 பங்கு, பெரியதில் 72.9 பங்கு.)

2. 15 கிலோ எடையுள்ள குழந்தை மூன்று மாத்திரை உண்கிறது. கிலோ ஒன்றுக்கு ஐசோநியாசிட், ரிபாம்பிசின் எவ்வளவு? (விடை: 10 மி.கி.; 15 மி.கி.)

3. அக்குழந்தை ஒரு மாதத்தில் 16 கிலோ ஆயிற்று. எடை பார்க்கப்படவில்லை. மேற்கூறிய அளவுகள் எவ்வாறு மாறும்? எல்லையைக் கடந்தனவா? (விடை: சுமார் 9.4 மி.கி.; 14.1 மி.கி. எல்லைக்குள்ளேயே உள்ளன, எனினும் எடைப் பிரிவு மாறிவிட்டதால் மருத்துவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.)